பெண்கள் டிக்கெட் கொடுக்குமிடம்

முதல் நாள், புதன். கோயம்புத்தூர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மூன்று நாள் லீவு கிடைத்தது. சனி, ஞாயிறு சேர்த்தால் ஐந்து நாள். கோவையிலிருந்து மதுரை வரை வழியில் இருக்கிற ஊர்களில் இறங்கி, ஊருக்கு ஒரு பழைய தியேட்டர், தியேட்டருக்கு ஒரு ஆட்டம் என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "தனியாவா?" என்று மட்டும் கேட்டார்கள். தனியாகத்தான். ஒரு பெண் தனியாகப் போய் உட்கார்ந்து படம் பார்க்க முடிகிற தியேட்டர்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளத்தான் கிளம்பினேன்.

டவுன்ஹாலில் இறங்கி வெரைட்டி ஹால் ரோட்டுக்குள் நடந்தேன். இந்த ரோட்டுக்குப் பெயர் கொடுத்ததே ஒரு தியேட்டர்தான். சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோவைக்காரர் திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தார். 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்து, உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்ப நினைத்தபோது, அவரிடமிருந்து புரொஜக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு வேலையை விட்டார். கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். 1914-இல் இங்கே நிரந்தரக் கட்டடம் கட்டி வெரைட்டி ஹால் என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் அதுவே டிலைட் தியேட்டர் ஆனது. இப்போது டிலைட்டும் இல்லை, இடித்துவிட்டார்கள். ரோட்டின் பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. மாதச் சம்பளம் வருகிற ரயில்வே வேலையை உதறிவிட்டு, துணியில் ஆடும் நிழலை நம்பி வீட்டுச் சாமான் எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பிய மனிதர். கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மேட்னிக்குப் போனது வேறொரு பழைய தியேட்டர். ஒற்றைத் திரை. வாசலில் இரும்புக் கம்பி வைத்து அடைத்த சந்து, ஒரு ஆள் மட்டும் நுழையலாம், முடிவில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு சந்து. அதன் மேலே நீலப் பெயின்ட்டில் "பெண்கள் டிக்கெட் கொடுக்குமிடம்" என்று எழுதியிருந்தது. 'கெ'யின் கொம்பு உதிர்ந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். காலி கூல்டிரிங்ஸ் பெட்டிகள், இரண்டு தென்னந்துடைப்பம், உடைந்த நாற்காலி ஒன்று.

"அதைத் தொறந்து பதினஞ்சு வருசம் இருக்குமுங்க. லேடீஸ் தனியா வந்தாத்தானுங்க தனிக் கவுன்டர்" என்றார் டிக்கெட் கிழிக்கிற அண்ணன்.

இடைவேளையில் விளக்குப் போட்டதும் கடைசி வரிசையில் எழுந்து நின்று எண்ணினேன். மொத்தம் அறுபது பேருக்கு மேல் இருப்பார்கள். பெண்கள் என்னையும் சேர்த்து ஏழு. தனியாக வந்தது நான் மட்டும். ஒவ்வொரு ஊரிலும் இப்படி எண்ணப் போகிறேன்.

இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏழா?" என்றார். "அந்தக் காலத்துல மேட்னின்னா ஆம்பளைங்கதான் கண்ணு ஏழு பேர் இருப்பாங்க."

இரண்டாம் நாள், வியாழன். பொள்ளாச்சி

உக்கடத்தில் பஸ் ஏறி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இன்று மாட்டுச் சந்தை நாள். சந்தைக்கு வந்தவர்களின் லாரிகளும் டெம்போக்களும் ரோட்டோரம் நின்றன. சந்தை நாளில் பொள்ளாச்சியில் மேட்னி நிறையும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். மாட்டை விற்றுவிட்டு மடியில் பணத்தோடு வருகிறவர்கள், மாட்டை வாங்கிவிட்டு வண்டி கிடைக்கும் வரை பொழுது போக்குகிறவர்கள்.

இன்று வாசலில் பதினொரு பேர். பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஆட்டம் போடுவோம் என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். நான் ஒன்பதாவதாக நின்றேன். பின்னால் தலைப்பாகையோடு இரண்டு பேர் வந்ததும் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. முன்பின் தெரியாத பதினொரு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

பெண்கள் மூன்று பேர். ஒரு பாட்டி, அவருடைய பேத்தி, நான்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இடைவேளையில் பெண்கள் பக்கத்துக் கழிப்பறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம் என்றார்கள். மேனேஜர் டீ குடிக்கப் போயிருந்தார். அந்தப் பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்குப் பின்பக்கம் போக, நான் சேலை முந்தானையை விரித்து மறைப்பாக நின்றேன். பேத்திக்கு எட்டு வயது இருக்கும். டிக்கெட் நூறு ரூபாய் வாங்குகிறார்கள், ஒரு சாவியைக் கதவிலேயே தொங்கவிட ஏன் முடியவில்லை? கூட்டம் இல்லாததால் பூட்டி வைக்கிறோம் என்றார் வாட்ச்மேன். பூட்டி வைப்பதால்தான் கூட்டம் இல்லை என்பதை அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர் கையில் என்ன இருக்கிறது.

படம் முடிந்ததும் ஆபரேட்டர் அய்யாவைப் பார்க்க அனுமதி கேட்டேன். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே கூட்டிப்போனார். செங்குத்தான இரும்புப் படி. கேபினில் இப்போது டிஜிட்டல் பெட்டி ஒன்று, அதற்கு ஒரு ஏசி. படம் ஹார்டு டிஸ்கிலோ சாட்டிலைட் வழியாகவோ வந்துவிடும். இன்ன தேதியில் இன்ன மணிக்கு ஓட்டலாம் என்று அனுமதிச் சாவி தனியாக மெயிலில் வரும், அது வந்தால்தான் ஓடும். மூலையில் தார்ப்பாய் போர்த்திய இரண்டு உருவங்கள். தார்ப்பாயை அவரே விலக்கினார். பழைய புரொஜக்டர்கள். எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார், யாரும் கேட்காமல்.

"உக்காருங்கம்மா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, விளக்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். கார்பன் குச்சி இரண்டு, செம்பு பூசியது. தடியானது பாசிட்டிவ், ஒல்லியானது நெகட்டிவ். இரண்டையும் ஒரு நொடி முட்ட வைத்து விலக்கினால் நடுவில் நெருப்புப் பிடித்து நிற்கும். அந்த வெளிச்சத்தைப் பின்னால் இருக்கிற குழிந்த கண்ணாடி வாங்கி ஃபிலிம் மேல் போடும். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடும். கூடினால் திரை மஞ்சளாகும், கீழே விசில் பறக்கும். அதனால் கறுப்புக் கண்ணாடி வழியாக நெருப்பைப் பார்த்துக்கொண்டே திருகைத் திருகித் திருகிக் குச்சியை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். உருகிச் சொட்டும் செம்பு அடியில் தட்டில் மணிமணியாக விழும். அதைச் சேர்த்து வைத்து எடைக்குப் போட்டால் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் பட்டாசு. 1000 அடி ரீல் 11 நிமிடம் ஓடும். முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். சில நொடி கழித்து இரண்டாவது புள்ளி. அதில் மாற்ற வேண்டும்.

"முப்பத்தாறு வருசத்துல ஒரு படத்தைக்கூட முழுசாப் பாத்ததில்லீங்க. புள்ளியைத்தான் பாத்திருக்கேன்."

ஒரே பிரின்ட் இரண்டு தியேட்டருக்கு ஓடிய நாட்களையும் சொன்னார். அங்கே அரை மணி நேரம் முன்னால் ஆரம்பிப்பார்கள். முடிந்த ரீலைப் பெட்டியில் போட்டு ஒரு பையன் சைக்கிளில் மிதித்துக்கொண்டு வருவான். பையன் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் இங்கே திரையில் சிலைடு.

கிளம்பும்போது, சுவரில் இருக்கிற அந்தச் சின்னச் சதுர ஓட்டை வழியாக என்னைக் கீழே பார்க்கச் சொன்னார். காலி நாற்காலிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

"மேட்னில இந்த ஓட்டை வழியாப் பாத்தா மல்லியப்பூதானுங்க தெரியும். தலையே தெரியாது. வெயில் காலத்துல வாசம் இங்க வரைக்கும் ஏறி வரும். கார்பன் புகையும் பூ வாசமும். அது போயி எத்தனையோ வருசம் ஆச்சு."

மூன்றாம் நாள், வெள்ளி. உடுமலைப்பேட்டை

என் சொந்த ஊர் உடுமலைக்கு ஏழு கிலோமீட்டர் தள்ளி. நேற்று இரவே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்கு எழுபத்தொன்று. முட்டி வலி. தியேட்டருக்குக் கடைசியாகப் போனது 1996-இல், என் தம்பி பத்தாவது பாஸானபோது. "நாளைக்கு நீயும் வா" என்றதும் "எனக்கெதுக்கு, டிவில போடுவான்" என்றவர், காலையில் நான் எழுந்தபோது தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டென்ட் கொட்டகைக் கதையை ஆரம்பித்தார். எங்கள் ஊருக்கு வெளியே களத்துமேட்டில் வருடத்தில் சில மாதம் டூரிங் டாக்கீஸ் இருக்கும். நிரந்தர லைசென்ஸ் கிடையாது, காலம் முடிந்தால் பிரித்துக்கொண்டு போக வேண்டும். தரை டிக்கெட்டில் நடுவே மூங்கில் தட்டி, இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். ஆற்று மணல் கொட்டியிருப்பார்கள். முன்னால் வருகிறவர் மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்காருவார். பின்னால் இருக்கிறவருக்கு மறைக்கும், சண்டை வரும், அவரும் இன்னும் உயரமாகக் குவிப்பார். பாடல் ரிக்கார்டு நின்றால் படம் போடப்போகிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் உலை வைத்திருக்கிற பெண்கள் அந்தப் பாட்டை வைத்துத்தான் நேரம் கணக்குப் பண்ணுவார்கள். இந்தப் பாட்டுக்குள் குழம்பை இறக்கினால் டைட்டிலைப் பிடிக்கலாம்.

பிறகு டவுன் தியேட்டர். காலையில் ஆண்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, தெருப் பெண்கள் எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து மேட்னிக்குக் கிளம்புவார்கள். துணிப்பையில் பொரியும் கடலை உருண்டையும். மடியில் உட்காரும் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். அப்படி மடியில் உட்கார்ந்து பார்த்தவள் நான். தொண்ணூறுகளில் எல்லாம் மெல்ல மாறியது. 1993-இல் சன் டிவி வந்தது, இரண்டு மூன்று வருடத்தில் கேபிள் எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. மதியம் சீரியல், படமும் வீட்டுக்குள்ளேயே. ஆண்கள் தியேட்டருக்குப் போவதை விடவில்லை. பெண்கள் நின்றார்கள். எட்டுப் பேர் சேர்ந்து வீதியில் நடந்துபோன அந்த நடையும் அதோடு நின்றுவிட்டது. ஒரு தெருப் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வருவதற்கு ஊரார் ஒத்துக்கொண்ட காரணங்கள் அன்று மூன்றுதான்: கோயில், கல்யாணம், சினிமா. அதில் ஒன்று குறைந்ததைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். பாட்டெழுதிய உடுமலை நாராயணகவியின் மணிமண்டபம் இந்த ஊரில்தான் இருக்கிறது. "அவர் பாட்டை எங்க அம்மா நாத்து நடறப்பப் பாடுவாங்க" என்றார் அம்மா.

இன்று புதுப்படம் வெளியான வெள்ளி. வாசலில் பேனர், பால் பாக்கெட், பையன்கள். நான் கொஞ்சம் பயந்தேன். ஆனால் அந்தப் பையன்களே வழி விட்டார்கள். "பாட்டி வர்றாங்கடா, தள்ளு" என்று ஒருவன் கத்த, கம்பிச் சந்துக்கு வெளியே நிறுத்தி டிக்கெட்டை வாங்கிக் கொடுத்துவிட்டான்.

அம்மா பால்கனி கேட்டார். "அன்னைக்கெல்லாம் பெஞ்சுக்கே காசு எண்ணிக் கொடுத்தோம். ஒரு தடவை மேல இருந்து பாக்கணும்." இருபத்துநான்கு படி. நான் எண்ணினேன். எட்டாவது படியில் நின்றார், பதினாறாவதில் நின்றார். டிக்கெட் கிழிப்பவர் ஒரு நாற்காலி கொண்டுவந்து திருப்பத்தில் போட்டார். "மெதுவா வாங்கம்மா, நீங்க உக்காந்தப்புறம்தான் மணி அடிப்பேன்" என்றார். சொன்னபடியே செய்தார்.

உட்கார்ந்ததும் அம்மா செருப்பைக் கழற்றினார். காலை மடக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டார். விளக்கு அணையும் முன்னாலேயே பக்கத்துச் சீட்டு அக்காவின் ஊர் என்ன, எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் விசாரித்துவிட்டார். அந்த அக்கா மடத்துக்குளம் பக்கம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். நாயகன் திரையில் வந்ததும் கீழே கிழித்த காகிதம் பறந்தது. சத்தம் நெஞ்சில் மோதியது. அம்மா காதைப் பொத்திக்கொண்டே சிரித்தார். பாட்டு ஒன்றில் ஒரு தென்னந்தோப்பும் வாய்க்காலும் வர, "இது ஆழியாறு வாய்க்கா" என்று சத்தமாகச் சொன்னார். கீழேயிருந்து யாரோ "ஆமாங்கம்மா" என்றார்கள். பொள்ளாச்சியையும் இந்தப் பக்கத்தையும் எத்தனை படத்தில் எடுத்தாலும், தன் மண்ணைத் திரையில் பார்க்கும்போது ஊர்க்காரர்களுக்கு வரும் அந்தக் குரல் மாறுவதில்லை.

இடைவேளையில் எண்ணினேன். பால்கனியில் பத்தொன்பது பெண்கள், கீழே முப்பதுக்கு மேல். தலையில் பூ வைத்தவர்கள் நிறைய. எனக்கு நேற்றைய ஆபரேட்டர் அய்யாவை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போல இருந்தது.

"தண்ணி குடிம்மா" என்று பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்றார். முகம் வாடியிருந்தது. காபி வாங்கி வருகிறேன் என்றேன், அதுவும் வேண்டாம். நாக்கு வறண்டு உதடு ஒட்டியிருந்தது. அப்புறம்தான் கேட்டேன், காலையிலிருந்து ஏதாவது குடித்தாயா என்று.

"சினிமாவுக்குப் போறன்னைக்குத் தண்ணி குடிக்கக் கூடாது சாமி. எங்க போறது?"

பொள்ளாச்சியில் பூட்டிய கதவின் முன்னால் நான் பட்ட கோபம் அரை மணி நேரத்தில் ஆறிப்போனது. அம்மா இதை ஐம்பது வருடமாகச் சுமந்திருக்கிறார். இருபத்தேழு வருடத்துக்கு மேல் தியேட்டர் பக்கமே வராதவர், வருகிற நாளில் அந்தப் பழக்கத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என் பாட்டி சொல்லிக்கொடுத்தது. தெருப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். அந்த மூன்று மணி நேரச் சந்தோஷத்துக்கு விடியற்காலையிலிருந்து தாகத்தோடு இருந்திருக்கிறார்கள். மடியில் உட்கார்ந்து கடலை உருண்டை தின்ற எனக்கு இது இத்தனை நாள் தெரியாது.

கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கழிப்பறை வாசலில் ஒரு அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடியும் வரை அவருக்கு அங்கேதான் வேலையாம். ஒவ்வொருவர் வந்து போனதும் வாளியில் தண்ணீர் ஊற்றிவிடுகிறார். உள்ளே தாழ்ப்பாள் இருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, பல்பு எரிந்தது. அம்மா வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பம்மா நீ" என்றார்.

அதன் பிறகு ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதும் குடித்தார். கோலி சோடா கேட்டார். முறுக்கு கேட்டார். இரண்டாம் பாதியில் முறுக்கை உடைத்துப் பக்கத்து அக்காவுக்குக் கொடுத்துக்கொண்டே, கதாநாயகி நெற்றியில் பொட்டு இல்லாததைப் பற்றி இருவரும் பேசினார்கள்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன், அந்த ஸ்டூல் போட்டது யார் யோசனை என்று கேட்டேன். முதலாளியின் மனைவியாம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு மூடியது, நவம்பரில் திறந்தபோது பாதிச் சீட்டுக்குத்தான் அனுமதி, அதற்கும் ஆள் வரவில்லை. இடித்து மண்டபம் கட்டலாம் என்று முதலாளி நினைத்திருக்கிறார். அந்த அம்மா, "லேடீஸ் வந்தா குடும்பமே வரும், முதல்ல பாத்ரூமைச் சரி பண்ணுங்க" என்றிருக்கிறார். இந்த ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். புதுப்படம், வெள்ளிக்கிழமை, பஸ் வசதி எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் ஐம்பது பெண்களை என் கண்ணால் எண்ணினேன்.

நான்காம் நாள், சனி. பழனி

மலைக்கு விஞ்சில் ஏறி இறங்கினேன். அதை எழுத இங்கே இடமில்லை. மதியம் அடிவாரத்திலிருந்து நடந்து மேட்னிக்குப் போனேன்.

விளக்கு அணைந்து திரை வெளுத்தபோது எனக்கு முன்னால் இரண்டு வரிசை மொட்டைத் தலைகள். சந்தனம் பூசியது. ஆண், பெண், குழந்தை எல்லாம் மொட்டை. திரையில் வெளிச்சம் கூடும்போது அந்தத் தலைகளும் சேர்ந்து ஒளிர்ந்தன, குறையும்போது அணைந்தன. சந்தன வாசம் ஹால் முழுக்க. நேர்த்திக்கடன் முடித்து, இரவுப் பஸ்ஸுக்கு ஏழு மணி நேரம் இருக்கிற குடும்பங்கள். லாட்ஜுக்குப் பணம் கொடுப்பதைவிட இங்கே நிழலும் ஃபேனும் படமும் சேர்ந்து கிடைக்கிறது. ஒரு பெண் காலை நீட்டிக் குழந்தையைத் தொட்டில் போலப் போட்டு ஆட்டிக்கொண்டே படம் பார்த்தார். பாதிப்பேர் தூங்கினார்கள். தூங்கட்டும். யாரும் எழுப்பவில்லை.

பெண்கள் நாற்பத்தொன்று. கழிப்பறை சுமார்தான், ஆனால் திறந்திருந்தது.

ஐந்தாம் நாள், ஞாயிறு. மதுரை

பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாகப் பஸ். பதினொரு மணிக்கு மதுரை.

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டர் இருந்த இடத்துக்கு முதலில் போனேன். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது. 2563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட தியேட்டர். 2011-இல் இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது பெரிய ஜவுளிக்கடை. உள்ளே நுழைந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஏசி, எஸ்கலேட்டர், எங்கு பார்த்தாலும் பெண்கள். தாயும் மகளும், அக்கா தங்கைகள், பக்கத்து வீட்டுக்காரிகள் சேர்ந்து வந்த கூட்டம். ஒவ்வொரு தளத்திலும் சுத்தமான கழிப்பறை. பெண்கள் கூட்டமாக வெளியே வருவதை விட்டுவிடவில்லை. வர முடிகிற இடத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். புடவைக் குவியலுக்கு நடுவே நின்று 2563 நாற்காலிகள் இதற்குள் எப்படிப் பரந்திருக்கும் என்று கற்பனை செய்து பார்த்தேன். திரை எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று ஒரு வயதான விற்பனையாளரிடம் கேட்டதும் கையை நீட்டிக் காட்டினார். "அங்கிட்டுக்கா. நான் சின்னப்பயலா இருக்கயில அந்தா அந்த மூலையில உக்காந்து பாத்திருக்கேன்." அவர் காட்டிய மூலையில் குழந்தைகள் ஃபிராக் தொங்கியது.

மதுரைக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு தங்கத்தோடு ஆரம்பித்ததல்ல. 1937-இல் வந்த 'சிந்தாமணி' படம் அள்ளிக்கொடுத்த லாபத்தில், அதை வெளியிட்ட மதுரைக்காரர்கள் இங்கே ஒரு தியேட்டரைக் கட்டி அதே பெயரை வைத்தார்கள். பாகவதர் பாட்டைக் கேட்க வந்த சனங்களின் காசில் எழுந்த கட்டடம். அதிலும் இன்று படம் ஓடவில்லை.

மாலை முதல் ஆட்டத்துக்கு ஓர் ஒற்றைத் திரைக்குப் போனேன். பழைய படம் ஒன்றைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட்டிருந்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் நிறைய. எனக்குப் பக்கத்தில் நான்கு பேர் ஒன்றாக வந்திருந்தார்கள், பூ வியாபாரம் செய்கிறவர்கள். மல்லிகை விற்று முடிந்ததும் நேராக இங்கே. "வாரத்துக்கு ஒருக்கா வந்துருவோம்க்கா. வீட்டுல கேட்டா ஏவாரம் லேட்டாயிருச்சுன்னு சொல்றதில்ல, படத்துக்குப் போறோம்னே சொல்லிருவோம்" என்றார் ஒருவர். கூடையில் மிச்சமிருந்த சரத்தில் ஒரு முழம் கிள்ளி என் கையில் வைத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. எண்ணுவதற்கு இடைவேளையில் எழுந்து நின்றேன். எழுபதைத் தாண்டியதும் குழந்தைகள் குறுக்கே ஓடிக் கணக்கு தப்பிவிட்டது. விட்டுவிட்டேன்.

இங்கே குறை ஒன்று. ஒன்பதேகாலுக்குப் படம் விட்டபோது வண்டி ஸ்டாண்டில் விளக்கே இல்லை. வண்டி எடுக்க வந்த பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் தேடினார்கள். பூக்கார அக்காமார் நான்கு பேரும் நான் ஆட்டோவில் ஏறும் வரை கூட நின்றார்கள்.

ஆரப்பாளையத்தில் திருப்பூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்மா போன்.

"அங்க எத்தனை பேரு?"

"எழுபதுக்கு மேல. எண்ண முடியலம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அடுத்த வெள்ளிக்கிழமை நம்ம தெருவுல அஞ்சு பேரு வர்றோம்னு சொல்லிருக்காங்க. கோடிவீட்டுக்காரியும் வர்றா. ஆட்டோக்காரன்கிட்டப் பேசியாச்சு. அந்த ஸ்டூல் போட்டிருக்கற தியேட்டருக்கேதான். என்ன படம்னு மட்டும் பாத்துச் சொல்லு."

முன்சீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். தலையில் பூ இன்னும் வாடவில்லை.